கடை, கெடா, 1926

சுங்கை பட்டாணி
8.1.2025

அன்பு மருமகள் நபீலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உன் மாமி சம்சியாவும் அல்லாஹ்வின் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். கோலாலம்பூரில் உனக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? போன வாரம் கூலிமில் என் தங்கச்சியை, உன் உம்மாவைப் பார்த்தேன். முட்டி வலி தேவலை என்றாள். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வாட்சப் இருக்க மாமா ஏன் தாளில் எழுதுகிறார் என்று யோசிப்பாய். என் போனுக்கு வருவதெல்லாம் இர்வான் கணினியிலும் தெரிகிறது. கடை ஆர்டர் பார்க்க வசதி என்று அவனே அப்படிச் செய்து வைத்திருக்கிறான். நான் எழுதப் போவதோ என் மகனான அவனைப் பற்றித்தான். அதனால் பதிலைப் பக்கத்து டயர் கடை நடராஜா முகவரிக்கு அனுப்பு.

கூலிம் ஹைடெக் பூங்காவுக்குப் பக்கத்தில் புதுக் கிளை திறக்கிறோம். சைன்போர்டு மாதிரி என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். கறுப்பு வெள்ளைப் படம். அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கடை, அதன் முன்னால் தலைப்பாகையும் மீசையுமாக, இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருவன் நிற்கிறான். கீழே பெரிதாக 'செஜாக் 1926'. அதாவது 1926 முதல் நாங்கள் கடை நடத்துகிறோமாம்.

"யார்டா இது?" என்றேன்.

"பூட்டன் மாதிரி வெச்சுக்குவோம்லா அத்தா."

"மாதிரியா? பூட்டன்ல கூட மாதிரி இருக்கா?"

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. பழைய கடைன்னாதான் கஸ்டமர் நம்புவான்."

என் அத்தா கடைசி வரைக்கும் அடுத்தவன் கடையில் தட்டுக் கழுவியவர். அவருடைய அத்தா ராமநாதபுரம் கடற்கரையைத் தாண்டியதே இல்லை. 1989-ல் பாக்கார் ஆராங்கில் ஒரு தகரக் கொட்டகைக்குக் கீழே தள்ளுவண்டி போட்டவன் நான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் எவனுக்கும் கடை கிடையாது. அது கேவலமா? இவனுக்குக் கேவலமாம். முகம் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து என் கடைக்கு அப்பனாக்குகிறான்.

அந்தப் படத்தின் மூலையில் நீ படிக்கிற பல்கலைக்கழக நூலகத்தின் முத்திரை இருக்கிறது. படத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், நீ போய் விசாரி. அவன் யார், அது யார் கடை என்று தெரிய வேண்டும். ஆதாரத்தோடு அவன் வாயை அடைக்கிறேன். இந்தப் படத்தை அவனுக்கு யார் கொடுத்தது என்று கேட்டால் சிரிக்கிறான். உனக்குத் தெரியுமா?

துஆவுடன்,
உன் மாமா மீரா சாகிபு


கோலாலம்பூர்
27.1.2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் நலம். சாப்பாடு பரவாயில்லை, உங்கள் கடை மீன் தலைக் குழம்புதான் கிடைப்பதில்லை. மாமிக்கு என் ஸலாம். உம்மாவைப் போய்ப் பார்த்ததற்கு நன்றி.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே நூலகத்துக்குப் போனேன். வரலாற்றில் முதுகலை படிக்கிறேன் என்ற பெயர்தான், சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு நான் போனது இதுதான் முதல் தடவை. பழைய படங்கள், வரைபடங்கள், கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வாசலிலேயே பையை வாங்கிப் பூட்டிவிட்டார்கள். பேனாவையும் வாங்கிக்கொண்டு பென்சில் கொடுத்தார்கள். மை கொட்டிவிடுமாம். தண்ணீர்ப் புட்டிகூடக் கூடாது.

உள்ளே ஷாமளா என்று ஒரு அக்கா. தமிழ் நன்றாகப் பேசுகிறார், வாசிக்கவும் தெரியும். "கெடாவில் எடுத்த பழைய கடைப் படங்கள் எல்லாம் வேண்டும்" என்றேன்.

"எந்தத் தொகுப்பு? என்ன எண்?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டுமே தெரியவில்லை. அங்கே அலமாரி அலமாரியாக நாமே போய்ப் பார்க்க முடியாது, மாமா. எது வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் உள்ளேயிருந்து எடுத்து வருவார்கள். நீங்கள் அனுப்பிய சைன்போர்டு படத்தைக் காட்டினேன். படத்தின் அடியில் எண் இருந்திருக்க வேண்டும், யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்றார். எண்ணோடு, நேரமும் பதிவு செய்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த முறை ஒழுங்காகத் தயார் செய்துகொண்டு போகிறேன்.

அன்புடன்,
நபீலா


சுங்கை பட்டாணி
4.2.2025

அன்பு மருமகளுக்கு,

ஸலாம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார். சோறு விற்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை டயர் கடையில் உட்கார்ந்து இரண்டு தடவை வாசித்தேன். எனக்கு அந்த இடமே பிடிக்கவில்லை. சாமானை உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு, வாசலில் வந்தவனிடம் எந்த ஆடு, எந்தத் தொடை, எண் என்ன என்று கேட்டால் என் கடையில் எவன் உட்காருவான்? எண் தெரிந்தவன் உன்னிடம் ஏன் வருகிறான்? பேனா வைத்திருப்பவனைத் திருடனைப் போலப் பார்க்கிற இடத்தில் படிப்பு எப்படி வளரும்? நடராஜாவிடம் சொன்னேன். "நம்ம ஆள் கொண்டுபோய் எல்லாத்தையும் தொலைச்சிருப்பான் பாய், அதான் பூட்டுறாங்க" என்றான். அவனுக்கு எப்போதும் அடுத்தவன் பக்கம்தான் நியாயம் தெரியும்.

இருந்தாலும் காரியம் நடக்க வேண்டும். இத்துடன் ஒரு பெட்டி பேரீச்சம்பழம் அனுப்புகிறேன், மதீனாவிலிருந்து வந்தது. அந்த ஷாமளாவிடம் கொடு. மாமா கொடுத்தார் என்று சொல். வாய் இனித்தால் கை வேகமாக ஓடும்.

இங்கே இர்வான் அந்த மீசைக்காரனுக்குப் பெயரே வைத்துவிட்டான். 'தோக் சாகிபு'வாம், மலாயில் தோக் என்றால் தாத்தா. மெனுவில் 'தோக் சாகிபு கறி' என்று போடப் போகிறானாம். என் மசாலா, நான் நாற்பது வயதில் கை வெந்து பிடித்த பக்குவம், அதற்கு அவன் பெயர்.

படத்தை யார் கொடுத்தது என்று கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

உன் மாமா
மீரா சாகிபு


கோலாலம்பூர்
24.2.2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். நோன்பு நெருங்குகிறது. உங்கள் சர்க்கரைக்கு டாக்டரிடம் கேட்டுவிட்டு நோன்பு வையுங்கள். எனக்குச் சளி பிடித்துத் தேறிவிட்டது.

பேரீச்சம்பழத்தைக் கொண்டுபோனேன். ஷாமளா அக்கா பெட்டியைத் தொடவே இல்லை. "உங்க மாமா நல்ல மனுஷன்தான்லா. ஆனா ஒரு பழம் இந்த ரூமுக்குள்ள வந்தா எறும்பு வரும், எறும்பு வந்தா புத்தகம் போகும், புத்தகம் போனா நான் போவேன்" என்றார். நானும் என் அறைத் தோழிகளும் தின்று தீர்த்தோம்.

ஆனால் பாதை காட்டினார். "எல்லாரும் படத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க. நீ கொடுத்தவங்கள்ல இருந்து ஆரம்பி" என்றார். ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு வழிகாட்டி இருக்கிறது, மாமா. யார் கொடுத்தார்கள், எத்தனை பெட்டி, எந்தப் பெட்டியில் என்ன என்று அதில் இருக்கும். கெடா சம்பந்தப்பட்ட வழிகாட்டிகளை உட்கார்ந்து படித்தேன். மெர்போக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவரின் ஆல்பங்களை அவர் மகள் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார். நம் படம் அதில் ஒரு பக்கம். இணையத்தில் அதற்குப் போட்டிருக்கும் தலைப்பு 'கடை, கெடா, 1926', அவ்வளவுதான்.

ஆல்பம் வேறு கட்டடத்தில், குளிரூட்டிய அறையில் இருக்கிறது. என் பேராசிரியரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால்தான் எடுத்து வருவார்கள். நோன்பு மாதத்தில் அவர் ஊரில் இருக்க மாட்டார். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நபீலா


சுங்கை பட்டாணி
11.3.2025

அன்பு நபீலாவுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடி போகிறது. சாயங்காலக் கூட்டத்துக்குக் கஞ்சியும் மூர்த்தபாவும் போட்டு முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடுகிறது. உன் மாமி நலம்.

'கடை, கெடா, 1926.' மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு வம்சத்தையே கட்டிவிட்டான் பார். நேற்று நோன்பு திறந்த பிறகு மறுபடி பேசினேன்.

"இர்வான், 1989 முதல்னு போடு. அது உண்மை. போதும்."

"1989 எல்லாம் ஒரு வருஷமா அத்தா? கேஎப்சி அதைவிடப் பழசு."

"நான் உயிரோட உக்காந்திருக்கேன். என் எதிர்ல இன்னொருத்தன உன் கடைக்கு முதலாளியாக்குற. உனக்கு வாய் கூசலையா?"

"உங்கள யாரு இல்லன்னா? நீங்க ரெண்டாவது தலைமுறை. கதைக்கு அழகா இருக்கும்."

இரண்டாவது தலைமுறை! இர்வான் பெண்டாட்டி ஹனிஸ் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரம் எடுத்துப் போனாள். எல்லாருக்கும் புதுக் கிளை வேண்டும், அதற்கு எந்தப் பொய் என்றாலும் விழுங்கத் தயார். அந்தத் தகரக் கொட்டகையில் மழை பெய்தால் சோற்றுப் பானைக்குத்தான் நான் குடை பிடித்தேன், என் தலைக்கு இல்லை. அதைப் பார்த்தவள் சம்சியா. அவளே வாயைத் திறக்கவில்லை.

திறப்பு விழா ஜூலையில். சைன்போர்டை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. அதற்குள் எனக்குப் பதில் வேண்டும். மூன்றாவது தடவை கேட்கிறேன், படத்தை அவனுக்கு யார் கொடுத்தது?

மாமா


கோலாலம்பூர்
14.4.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். பெருநாளுக்கு வர முடியாமல் போனதில் வருத்தம். மாமி கொடுத்து அனுப்பிய ரெண்டாங் கறி உம்மா மூலமாக வந்து சேர்ந்தது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஆல்பத்தைப் பார்த்துவிட்டேன். மெத்தை மாதிரி ஒரு பஞ்சுத் தாங்கியில் வைத்துத்தான் திறக்க வேண்டும், பக்கத்தை இரண்டு கையாலும் புரட்ட வேண்டும். ஷாமளா அக்கா பக்கத்திலேயே நின்றார்.

அந்தக் கடை நம் குடும்பத்துடையது இல்லை, மாமா. படத்தில் நிற்பவர் நமக்கு உறவும் இல்லை. தோட்டத்துக்குள் இருந்த ஒரு கடை. இதை நான் எழுத்திலேயே தருகிறேன், நீங்கள் இர்வான் மச்சானிடம் காட்டலாம். இதற்கு மேல் தோண்ட எதுவும் இல்லை.

பரீட்சை நெருங்குகிறது. துஆ செய்யுங்கள்.

நபீலா


சுங்கை பட்டாணி
21.4.2025

நபீலாவுக்கு,

ஸலாம். சுகமா? நாங்கள் சுகம்.

நான் நாற்பது வருஷமாகச் சந்தையில் மீன் வாங்குகிறவன். கூடையின் மேல் நான்கு மீனைப் பளபளவென்று அடுக்கிவிட்டு அடியில் இருப்பதைத் துணி போட்டு மூடுகிறவனின் முகம் எனக்குத் தெரியும். உன் கடிதத்தில் அந்தத் துணி தெரிகிறது.

மூன்று மாதம் எண், வழிகாட்டி, பெட்டி, பஞ்சு மெத்தை என்று பக்கம் பக்கமாக எழுதியவள், ஆல்பத்தைப் பார்த்த பிறகு நான்கு வரியில் முடிக்கிறாய். நம் குடும்பம் இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். நான் கேட்டது, அது யார் கடை, என்ன விற்றார்கள்?

நீ எழுதியதை இர்வானிடம் காட்டினேன். "நம்மது இல்லன்னா வேற யாரோடதுன்னும் இல்லல்ல? அப்ப நம்மதுன்னே வெச்சுக்கலாம்" என்கிறான். இப்படி ஒரு நியாயத்தை எந்தப் பாசாரில் கற்றுக்கொண்டான் என்று தெரியவில்லை. இவனை நான்தான் பெற்றேனா என்று அருவருப்பாக இருக்கிறது.

துணியை எடு.

மாமா


கோலாலம்பூர்
9.5.2025

அன்புள்ள மாமா,

ஸலாம். எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

மறைத்தது தப்புதான். உங்களுக்குக் கோபம் தலைக்கேறி ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே மேனேஜர் தன் கையால் எழுதியிருக்கிறார். படத்தைக் கணினியில் ஏற்றியபோது அந்த வரி சட்டத்துக்கு வெளியே போய்விட்டது, அதனால்தான் இணையத்தில் வெறும் 'கடை' என்று இருக்கிறது. அவர் எழுதியிருப்பது இது: 'தோட்டத்துக் கள்ளுக்கடை, சம்பள நாள்.'

ஆல்பத்தில் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. மீசைக்காரருக்குப் பின்னால் கள்ளுப் பீப்பாய்கள். வலது பக்கம் தகரக் குவளையோடு ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். சைன்போர்டில் அவர்கள் வெட்டப்பட்டிருக்கிறார்கள். அவர் முதலாளிகூட இல்லை, தோட்டம் வைத்த கள்ளுக்கடையில் அளந்து ஊற்றுகிற ஆள்.

இன்னொன்று. மச்சானுக்கு அந்தப் படத்தின் இணைப்பை அனுப்பியது நான்தான். "பழைய கடைப் படம் ஏதாச்சும் இருந்தா அனுப்பு" என்று கேட்டார். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினேன். கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், மாமா. என் செலவுக்கு அவர் அதற்காகத் தருகிறார். உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

வியாபாரத்துக்குப் படத்தைப் பயன்படுத்த நூலகத்தின் அனுமதி வேண்டும் என்றும் ஷாமளா அக்கா சொன்னார். அனுமதி கொடுத்தால் படத்தை வெட்டக் கூடாது, அசல் விளக்கத்தைப் படத்தின் கீழே முழுதாக அச்சிட வேண்டும். மச்சான் அதையெல்லாம் கேட்கவில்லை.

இதை நான் சொன்னதாக அவரிடம் சொல்ல வேண்டாம்.

நபீலா


சுங்கை பட்டாணி
30.5.2025

அன்பு மருமகளுக்கு,

ஸலாம். உடம்பு சுகமா? எனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. ஏன் என்று இதை வாசித்தால் தெரியும்.

கள்ளுக்கடை என்று வாசித்ததும் நடராஜா டயர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பாய், உங்க பூட்டன் எங்க பூட்டனுக்கு ஊத்திக் கொடுத்தவரா? அப்ப நாம சொந்தக்காரங்கதான்!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. கள் ஊற்றிய கடையைப் பள்ளிவாசலுக்குப் போகிறவன் கடைக்கு மேலே மாட்டப் பார்த்தானே!

நேராகப் போய் இர்வானிடம் சொன்னேன். வெட்கப்படுவான் என்று நினைத்தேன். பையன் அசையவில்லை.

"யாரு வந்து பார்க்கப் போறா? பீப்பாய அழிச்சிட்டா வெறும் கடைதான்" என்றான்.

அப்போதுதான் எனக்கு உன் கடைசிப் பத்தி நினைவுக்கு வந்தது. சாப்பாட்டுக்கடை லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. நடராஜா கணினியில் உட்கார்ந்து ஷாமளாவுக்கு நானே எழுதினேன். முறைப்படி அனுமதி கேட்டேன். கேட்ட எல்லாவற்றையும் நிரப்பிக் கட்டணமும் கட்டினேன். நல்ல பெண், திட்டமாகப் பதில் எழுதினாள். அனுமதி வந்தது. நூலகத்தின் நிபந்தனையில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு, நகலை இர்வான் மேசையில் வைத்தேன்.

"இந்தா, உன் படம். இப்ப சட்டப்படி நம்மது. தாராளமா மாட்டு. ஆனா வெட்டக் கூடாது, பீப்பாயோட மாட்டணும். கீழ பெருசா கள்ளுக்கடைன்னு அச்சடிக்கணும். ஹலால் சர்டிபிகேட்ட அதுக்குப் பக்கத்துலயே மாட்டு, ஜோடியா இருக்கும்."

"நீங்க எனக்கு அத்தாவா, எதிரியா?" என்றான். அந்த சைன்போர்டு மாதிரியைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். நானே பார்த்தேன்.

அந்த நூலகத்தைத் திட்டினேன் அல்லவா, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சாமானைப் பூட்டி வைப்பதும் ஒரு யாவாரம்தான். நீ அவனிடம் காசு வாங்கியது எனக்குப் பிடிக்கவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே. ஆனாலும் உண்மையை எழுதிவிட்டாய். போகட்டும்.

மாமா


கோலாலம்பூர்
6.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். உங்கள் கடிதத்தை வாசித்து மனம் லேசானது. மாமிக்கும் ஹனிஸ் அக்காவுக்கும் என் அன்பு. ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்துகள். பரீட்சை நன்றாகவே எழுதினேன்.

மச்சானை ரொம்பவும் கோபிக்காதீர்கள். அவர் தப்பான வழியில் போனாலும் கடை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் செய்கிறார். இப்போது அவருக்கும் உண்மையான படம் ஒன்று வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

உங்கள் தள்ளுவண்டிப் படம் ஒன்று மாமியின் ஆல்பத்தில் பார்த்த ஞாபகம். அதை எனக்கு அனுப்ப முடியுமா? ஷாமளா அக்காவும் கேட்டார். சின்னக் கடைக்காரர்களின் படம் அவர்களிடம் ரொம்பக் குறைவாம். நல்ல முறையில் பிரதி எடுத்து நூலகத்தில் ஒன்று வைக்கலாம், கடைக்கும் ஒன்று. அசலைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நபீலா


சுங்கை பட்டாணி
13.6.2025

அன்பு நபீலாவுக்கு,

ஸலாம். எல்லாரும் சுகம். உன் பரீட்சைக்குத் துஆ செய்தேன்.

படத்தை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். இது ஒன்றுதான் இருக்கிறது. எடுத்தவன் பாக்கார் ஆராங்கில் ஸ்டூடியோ வைத்திருந்த சீனன், அவனும் போய்விட்டான், அவன் கடையும் போய்விட்டது. சாப்பிட்ட பாக்கிக்குப் பதிலாக எடுத்துக் கொடுத்தான். அன்றைக்கு எனக்கு இருபத்தாறு வயது. பின்னால் சம்சியா வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள், கேமராவைப் பார்க்க வெட்கம்.

உண்மையைச் சொன்னால், அதை உறையில் போடும்போது சந்தோஷமாக இருந்தது. இர்வான் உண்மையிலேயே கேட்டானா? அவனாகவா? என்னிடம் அவன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் இரண்டு நாளாகத் தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைக்கிறான். பிள்ளை திருந்திவிட்டான் என்று சம்சியா சொல்கிறாள்.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.

மாமா


சுங்கை பட்டாணி
5.8.2025

மதிப்புக்குரிய ஷாமளா அவர்களுக்கு,

வணக்கம். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கள்ளுக்கடைப் படத்துக்கு உங்களிடம் அனுமதி வாங்கிய மீரா சாகிபு எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று என் மருமகள் எழுதியிருந்தாள். இந்தக் கடிதம் அவள் வழியாக வரவில்லை, நேராக உங்களுக்கு. அவள் நலமாகத்தான் இருப்பாள். ஜூன் மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து எனக்குக் கடிதம் இல்லை.

கூலிமில் எங்கள் புதுக் கிளை போன மாதம் திறந்தது. நான் உங்கள் நிபந்தனையை மீறவில்லை, அந்தக் கள்ளுக்கடைப் படம் அங்கே இல்லை. அதற்குப் பதில் வாசல் முழுக்க வேறு ஒரு படம். வெள்ளைத் தாடி, தலைப்பாகை, பழுப்பு நிறத்தில் பழையது போல. ஒரு கிழவர் தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்கிறார். கீழே அதே 'செஜாக் 1926'. கணினியே வரைந்து கொடுக்குமாம். எந்த நூலகத்திலும் தேட முடியாத தாத்தா. எண் கிடையாது, பெட்டி கிடையாது, கொடுத்தவர் கிடையாது.

சாப்பிட வந்தவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "தாத்தா ஜாடை அப்படியே இருக்கு பாய்!" என்றார்கள். பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். நான் கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தேன். கிழவனின் இடது புருவத்தில் ஒரு தழும்பு. கொதி எண்ணெய் தெறித்து எனக்கு வந்தது அது. வண்டிக்கு ஹோண்டா மோட்டார் சைக்கிள் சக்கரம். 1926-ல்! அதை நான்தான் பழைய இரும்புக்கடையில் வாங்கி மாட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சம்சியாவை அழித்து, அந்த இடத்தில் ஒரு தென்னை மரம் வைத்திருக்கிறார்கள்.

இர்வானிடம் கேட்டேன். "உங்க படத்ததான அத்தா போட்டிருக்கேன்? இதான வேணும்னு சண்டை போட்டீங்க?" என்றான். சம்சியாவிடம் சொன்னேன். "நல்லாத்தான இருக்கீங்க அதுல" என்றாள்.

இப்போது யாராவது "உங்க தாத்தாவா?" என்று கேட்டால் என்ன சொல்வது? ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் என் முகத்தையே நான் இல்லை என்று சொல்ல வேண்டும். நான் கூலிமுக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

இத்துடன் இருப்பது அசல் படம். நான் நபீலாவுக்கு அனுப்பிய அதே உறையில், இர்வான் மேசையிலிருந்து எடுத்தேன். நீங்கள் என் படத்தைக் கேட்டதாக அவள் எழுதியிருந்தாள். நீங்கள் கேட்டீர்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கேட்காவிட்டாலும் வைத்துக்கொள்ளுங்கள். குளிர் அறையில் போடுங்கள், பூட்டுங்கள், பேனாவோடு வருகிறவனை உள்ளே விடாதீர்கள். கட்டணம் உண்டென்றால் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படத்தைக் கணினியில் ஏற்றும்போது பின்பக்கத்தையும் சேர்த்து ஏற்றுங்கள். பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்:

'தள்ளுவண்டிக்காரர் மீரா சாகிபு, மனைவி சம்சியா. பாக்கார் ஆராங், 1989. இது என் தாத்தா இல்லை. நான்.'

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் அறை என்கிறீர்கள், சளி பிடிக்கும்.

இப்படிக்கு,
மீரா சாகிபு